ஞாயிற்றுக்கிழமை உப்புத் தண்ணீர்

எனக்குக் கோபம் வந்தால் கை நடுங்கும். அந்த ஜனவரி மாதம் முழுக்க நடுங்கிக்கொண்டே இருந்தது. காரணம் கிரெக். ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரத்தில், நானும் என் மகள் டெஸ்ஸும் குடியிருந்த வாடகை வீட்டின் சொந்தக்காரன்.

வீடு என்னவோ சாதாரணம்தான். பின்பக்கம் ஓர் உப்புத்தண்ணீர் நீச்சல் குளம், அதைச் சுற்றிப் புல்வெளி, ஓரத்தில் ஒரு எலுமிச்சை மரம். ஆனால் பின்வேலிக்கு அந்தப் பக்கம் டெஸ்ஸின் பள்ளிக்கூடம். நாலு வருஷத்தில் மூன்று பள்ளி மாறி நாலாவதுக்கு வந்த பிள்ளை அவள். இங்கேதான் முதன்முதலாக ஒரு சிநேகிதியை வீட்டுக்குக் கூட்டி வந்தாள். மார்ச்சில் ஒப்பந்தம் முடிகிறது. அதை எப்படியாவது புதுப்பித்துவிட வேண்டும், எனக்கு வேறு ஆசை எதுவும் இல்லை.

ஒப்பந்தப்படி புல்லும் செடியும் என் பொறுப்பு, குளம் கிரெக்கின் பொறுப்பு. ஞாயிறுதோறும் வருவான், குளத்து வடிகட்டியைக் கழுவுவான். கழுவின தண்ணீர் ஒரு நீலக் குழாய் வழியாக வெளியே வரும். அது போக வேண்டிய இடம் வேலியோரத்து வடிகால். கிரெக் அதைப் புல்லில் விட்டான்.

"கிரெக், அது உப்புத் தண்ணி. புல்லு கருகிடும்," என்றேன்.

"அட போம்மா. இந்த பெர்த்ல தண்ணியச் சாக்கடையில விடுறவன் மனுஷனா? எங்கப்பா குளிச்ச தண்ணியில தக்காளி வளர்த்தவரு."

"உங்கப்பா கடல் தண்ணியிலயா குளிச்சாரு?"

சிரித்தான். அடுத்த ஞாயிறும் புல்லிலேயே விட்டான்.

அவனைச் சொல்லியும் குற்றமில்லை. இந்த ஊரில் புல்லுக்குத் தண்ணீர் தெளிப்பதற்குக் கதவு எண்ணைப் பார்த்து நாள் குறித்திருக்கிறார்கள். எங்கள் எண் ஏழில் முடிகிறது, ஆகவே செவ்வாயும் வெள்ளியும். மற்ற நாளில் திறந்தால் எதிர்வீட்டுக்காரனே போன் போட்டுக் கொடுத்துவிடுவான். தண்ணீரை வீணாக்காதே என்பதைத் தாய்ப்பாலோடு குடித்து வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த நல்ல புத்திதான் என் தலையில் மண்ணைப் போட்டது.

ஜனவரி நடுவில், கிரெக்குக்காக வாடகை விவகாரத்தைக் கவனிக்கும் ஏஜென்ட் பெத்தனி வந்தாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து அடுப்பு முதல் கக்கூஸ் வரை படம் பிடித்துப் போவாள். புல்வெளியில் நின்று உதட்டைப் பிதுக்கினாள்.

"என்னங்க லியான், தண்ணியே விடறதில்லையா?"

குளத்திலிருந்து எலுமிச்சை வரைக்கும் புல் வெந்து கிடந்தது. அகலமாக ஒரே பட்டை, நீலக் குழாய் எட்டும் தூரம் வரைக்கும். எலுமிச்சை இலைகள் ஓரம் கருகிச் சுருண்டிருந்தன.

"தண்ணி விட்டதாலதான் இப்படி ஆச்சு. உங்க ஓனர் விட்டாரு. இந்தாங்க, நக்கிப் பாருங்க." காய்ந்த புல்கொடி ஒன்றைப் பிடுங்கி நீட்டினேன்.

"ஐயோ, வேணாம்!"

நானே நக்கிக் காட்டினேன். "உப்பு! வெறும் உப்பு!"

"தன் வீட்டுப் புல்ல யாராவது தானே கெடுப்பாங்களா?" என்றாள். மறுநாள் நோட்டீஸ் வந்தது. புல்வெளியைப் பராமரிக்கவில்லை, பதினாலு நாளில் சரிசெய்ய வேண்டும். முகவரியில் என் பெயர்.

உப்புத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பார்கள். இங்கே உப்பைக் கொட்டியவன் அவன், தண்ணீர் சுமந்தவள் நான். நாள் கணக்கெல்லாம் தானாகச் சுற்றும் தெளிப்பானுக்குத்தான், கையில் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றால் எந்த நாளும் குற்றமில்லை. ஆகவே தினமும் சாயங்காலம் வேலை முடிந்து வந்து, சீருடையைக்கூட மாற்றாமல், ஒரு மணி நேரம் நின்றேன். உப்பு வேருக்குக் கீழே இறங்கும் வரை நல்ல தண்ணீர் விட்டேன். செத்ததை வாரி எறிந்தேன். வாசல் பக்கத்துப் புல்லிலிருந்து கொடி கொடியாக அறுத்து வந்து நட்டேன். பிள்ளைகள் குளத்தில் குதித்தால் தண்ணீர் தெறிக்கும் ஓரத்தில் செங்கல் பதித்தேன். நீலக் குழாயின் வாயை வடிகாலில் செருகிக் கம்பியால் இறுக்கிக் கட்டினேன்.

ஞாயிறு கிரெக் வந்தான். கம்பியைப் பார்த்ததும் முகம் சிவந்தது.

"யார் கட்டினது இதை?"

"நான்தான்."

"என் வீடு, என் தண்ணி, என் புல்லு. நீ யாரும்மா கட்டறதுக்கு?"

"உங்க புல்லுன்னா நோட்டீஸ் ஏன்யா என் பேருக்கு வருது? கொழுப்பு உனக்கு, பத்தியம் எனக்கா?" என் குரல் பள்ளிக்கூடம் வரை கேட்டிருக்கும். டெஸ் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் வடிகட்டியைக் கழுவிவிட்டுக் கிளம்பினான். கம்பியை அவிழ்க்கவில்லை. ஜெயித்துவிட்டதாக நினைத்தேன், மடச்சி.

பத்து நாளில் கடிதம் வந்தது. நோட்டீஸை வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை, உரிமையாளர் குடும்பத்துடன் குடிவருகிறார்.

"நீ கத்தினதாலயாம்மா?" என்று டெஸ் கேட்டாள். கடிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் செருகினேன்.

மார்ச் முடிவில் காலி செய்தோம். அதற்குள் புல் பச்சைப் பசேலென்று மூடிவிட்டிருந்தது. எலுமிச்சையில் புதுத் துளிர். நாற்பது கிலோமீட்டர் வடக்கே ஒரு வீடு கிடைத்தது. டெஸ்ஸுக்கு ஐந்தாவது பள்ளி. போன் போட்டால் அவள் பழைய சிநேகிதி எடுப்பதில்லை.

இரண்டு வாரம் கழித்து வாடகை விளம்பரத்தில் அந்த வீட்டைப் பார்த்தேன். குடிவருகிறானாம், குடி! 'பளிங்கு போன்ற நீச்சல் குளம், செழிப்பான புல்வெளி.' படத்தில் இருந்தது நான் நட்ட புல்.

சனிக்கிழமை வீடு பார்க்கத் திறந்துவிடும் கால் மணி நேரத்துக்கு நானும் போய் வரிசையில் நின்றேன். என் முன்னால் முப்பது பேர். எல்லோர் எதிரிலும் கிரெக்கின் மானத்தை வாங்கிவிடுவது என்றுதான் போனேன். பெத்தனி என்னைப் பார்த்ததும் டேப்லெட்டில் தலையைப் புதைத்துக்கொண்டாள். பின்பக்கம் போனால், கம்பி அறுபட்டிருந்தது. நீலக் குழாய் எலுமிச்சை அடியில் கிடந்தது.

ஒரு பெண், இடுப்பில் குழந்தை, குனிந்து புல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் இங்க இருந்தவ. ஓனர் ஞாயித்துக்கிழமை வந்து இந்தக் குழாயில உப்புத் தண்ணி விடுவான். புல்லு செத்தா உங்க மேல பழி வரும்," என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "இது நாங்க வாடகைக்குத் தேடி வந்து பாக்கற இருபத்திரண்டாவது வீடுங்க. கார்லதான் தூங்கறோம். அவரு ஆசிட்டே ஊத்தட்டும், எனக்கு வீடு கெடைச்சா போதும்."

கத்த வந்தவள் நான். தொண்டையில் அத்தனையும் தயாராக இருந்தது. குழந்தை என் விரலைப் பிடித்துக்கொண்டது.

"அப்ப கேளு," என்றேன். "அவன் போனதும் நல்ல தண்ணி விடு. குழாயக் கையில பிடிச்சுக்கிட்டே நில்லு. இலைக்கு வேணாம், வேருக்கு விடு. ஒரு மணி நேரம். அவன்கிட்ட ஒண்ணும் கேக்காத. வாயே தெறக்காத."

தலையாட்டினாள். வாயைத் திறக்காதே என்று நான், நானே சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தேன். கார் சாவியைத் துவாரத்தில் நுழைக்க முடியவில்லை, கை அப்படி நடுங்கியது.