அமுதவல்லியின் ஐந்தாவது கார்

அமுதவல்லி கட்டிய ஐந்தாவது காரில் முதன்முதலாக ஏறிப் போனவன் வீரராகவன். கார் ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. வீரராகவனோ எந்த வாசலிலும் தலை இடித்துக்கொள்கிற ஆள். பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் மணல்மேட்டில் கிடக்கும் மடவைக்குப்பத்தில் இது நடந்த வாரம் வெள்ளை இறால் கிலோ நானூற்று இருபதுக்குப் போனது, முகத்துவாரம் பாதி தூர்ந்திருந்தது, தண்ணீர் லாரி வரவில்லை. படகில் விழுந்த ஓட்டையை அடைக்கக் கொஞ்சம் ரெசின் கேட்டு வீரராகவன் வந்தான். கையில் ஒட்டிய பசையைக் கழுவ அமுதவல்லி வீட்டுக்குப் பின்னால் போயிருந்தாள். மேசைமேல் அப்போதுதான் முடிந்த சிவப்புக் கார் வெயிலில் பளபளத்தது. சும்மா இருக்க முடியாதே மனுஷனால்! குனிந்து முன்கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்தான். அவள் ஈரக்கையோடு திரும்பி வந்தபோது அவன் செருப்பு மட்டும் வாசலில் கிடந்தது. கார் நின்ற இடத்திலேயே நிற்க, நான்கு சக்கரங்களும் சுற்றிக்கொண்டிருந்தன.

பொழுது சாய்வதற்குள் அவன் அதே மேசைப் பக்கத்தில் வந்து நின்றான். காலெல்லாம் செம்மண். காரின் முன்பக்கம் நசுங்கி, நூல் அளவுக்கு வேர்க்கடலைக் கொடி அதில் சிக்கியிருந்தது. படகு இன்ஜினின் கைப்பிடியை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் திரும்பும். பிறந்ததிலிருந்து அதையே பிடித்தவன் ஸ்டியரிங்கையும் அதே கணக்கில் திருப்பி, நேராக யாரோ ஒருவருடைய கடலைக் கொல்லைக்குள் இறக்கியிருக்கிறான். கூடிய கூட்டம், “இன்னாடா பாத்தே? இன்னா கீது அங்க?” என்று பிடுங்கி எடுத்தது. “தண்ணியே இல்லப்பா. எங்க பாத்தாலும் ரோடு,” என்றான் வீரராகவன். அவன் உட்கார ஒரு நாற்காலி போட்டார்கள். அவனுக்கு உட்காரவே பிடிக்கவில்லை.

அமுதவல்லிக்கு இது முன்பே இருந்த வியாதி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளுக்குக் கால் ஓர் இடத்தில் தரிக்காது. பொன்னேரி வரை பஸ்ஸில் போவாள், இறங்காமல் அதே பஸ்ஸில் திரும்பி வருவாள். எங்கே போக வேண்டும் என்று புருஷன் உதயகுமார் கேட்டால், “தெரிஞ்சா அந்த ஊரு பஸ்ஸுலியே ஏறியிருப்பேனே,” என்பாள். உதயகுமார் நல்லவன், ஏரியில் இறால் பிடிப்பவன், அவளைச் சமாளிக்க வழி தெரியாதவன். மீஞ்சூர் பழைய சாமான் கடையில் மழையில் நனைந்த அட்டைப்பெட்டி ஒன்றைப் பார்த்து, உள்ளே பிரிக்காத பொம்மைக் கார்கள் இருக்கவும், கைக்கு வேலை கிடைத்தால் கால் அடங்கும் என்று வாங்கி வந்தான். பிரித்தால் முழுக் கார் ஒன்றுகூட இல்லை. பிளாஸ்டிக் சட்டங்களில் துண்டு துண்டாகக் கதவு, சீட்டு, கண்ணாடி, ஆணி அளவு கியர். ஜப்பான் எழுத்தில் ஒரு தாள், நல்ல வேளையாகப் படம் போட்டிருந்தது.

நகவெட்டியால் துண்டுகளை வெட்டினாள், படகுக்குத் தேய்க்கும் வாட்டர் பேப்பரால் பிசிறு தேய்த்தாள். முதல் கார் கண்ணாடி முழுக்கப் பசை. இரண்டாவதில் பெயின்ட் வழிந்து கதவு திறக்கவில்லை. சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, மெலிசாக ஒரு பூச்சு அடித்து, அது காய்ந்தபிறகுதான் அடுத்தது என்று மூன்றாவதில் புரிந்தது. காத்திருப்பதுதான் அவளுக்கு உயிர் போகிற வேலை, அதையும் செய்தாள். நான்காவதிலிருந்து படத்தை மீறத் துணிந்தாள். ஐந்தாவதன் அடிப்பாகத்தை மணலில் சிக்காதபடி உயர்த்தினாள், பெரிய டயருக்காகச் சக்கர வளைவை அறுத்து அகலமாக்கினாள், பிளந்த இடத்தைப் படகு ரெசினால் பூசித் தேய்த்தாள். கொடுவா மீனின் செதிலை வெட்டி முன்விளக்குக்குக் கண்ணாடி வைத்தாள். ரேடியோக் கம்பிக்கு இறால் மீசை. நம்பர் பிளேட்டில் எந்த ஊர் எழுதுவது என்று தெரியாமல் வெறுமனே விட்டாள். ஏன் அந்தக் கார் மட்டும் ஆள் ஏற்றியது என்று அவளுக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது.

வீரராகவன் போய் வந்த மறுநாளே ஊர் அவள் வீட்டில் கூடிவிட்டது. ஒரே கண்ணாடியில் இரண்டு பேர் தலையை நுழைத்து, காரின் கூரை விரிசல் விட்டது. அடிதடி ஆகும் போலிருந்தது. ஊர்த் தலைவரான நாட்டார் சிங்காரம் வந்தார். மடவைக்குப்பத்தில் எந்தச் சண்டைக்கும் அவர் கையில் ஒரே மருந்துதான் உண்டு. ஏரியில் இறால் நன்றாக விழும் இடத்தில் எல்லோரும் ஒரே நாளில் வலை போட்டால் யாருக்கும் ஒன்றும் மிஞ்சாது. அதனால் சீட்டுப் போட்டு, இன்று இந்த ஆள், நாளை அந்த ஆள் என்று முறை வைத்திருக்கிறார்கள். அதற்குப் பாடு என்று பெயர். கல்யாணமாகி ஊர்க் கணக்கில் குடும்பத் தலைவனாகப் பெயர் ஏறிய ஆணுக்குத்தான் பாடு உண்டு. காருக்கும் அதே முறை என்றார் சிங்காரம். கூட்டம் அமைதியானது. “கட்டினவ நானு. எனக்கு எப்போ மாமா பாடு?” என்றாள் அமுதவல்லி. சிங்காரம் கெட்டவர் இல்லை, முகம் சங்கடப்பட்டது. “ஏரில பொம்பளைக்கு எங்கம்மா பாடு குடுத்துகிறோம்? இதுல ஒனக்குக் குடுத்தா நாளிக்கு அதுலயும் கேப்பாங்க,” என்றார். கார் புயல் பாதுகாப்புக் கட்டடத்தின் மாடிக்குப் போனது, சாவி அவர் இடுப்புக்குப் போனது.

அப்புறம் மூன்று வருஷம் ஆண்கள் முறை வைத்துப் போய் வந்தார்கள். ஒருவன் பலாப்பழத்தோடு வந்தான். ஒருவன் மலையேறிச் சளி பிடித்து வந்தான். தெரியாத கோயில் விபூதியோடு ஒருவன், போலீஸ்காரர் பிடித்துக் கேள்வி கேட்ட பீதியோடு ஒருவன். போய் வந்தவன் எவனுக்கும் நிலைகொள்ளவில்லை. வலையைப் பாதி இழுத்துவிட்டு மேற்கே பார்ப்பான், சோற்றில் கை வைத்துவிட்டு எழுந்து நடப்பான். காட்டுப்பள்ளித் துறைமுகம் மணலைத் தோண்டத் தோண்டக் கரை நகர்ந்தது, ஆட்களும் அதற்கேற்ப அலைந்தார்கள். காரை நசுக்கி, உரசி, கண்ணாடி உடைத்துக் கொண்டுவந்து போடுவார்கள். ரிப்பேருக்கு மட்டும் அமுதவல்லி வேண்டும். அவள் எட்டிப் பார்த்துவிடக் கூடாது என்று கண்ணாடிகளை ஈரத்துணியால் மூடி, நாட்டார் எதிரில் உட்கார்ந்திருக்க, அவள் தடவித் தடவி வேலை செய்தாள். தன் பிள்ளையைப் பக்கத்து வீட்டார் முன்னால் தூக்கிக் கொஞ்சக் கூடாது என்றால் எப்படி இருக்கும்? வீட்டில் ஆறாவதும் ஏழாவதும் கட்டினாள், இன்னும் அழகாகவே வந்தன. குனிந்து குனிந்து பார்த்ததில் கண்ணாடியில் மூக்கு இடித்ததுதான் மிச்சம்.

உதயகுமாருக்கும் பாடு வந்தது. போனவன் அரை மணியில் திரும்பிவிட்டான். அவள் வாசலிலேயே மறித்தாள். “இன்னா பாத்தே?”

“ரோடுதான். நீட்டுக்கும் போவுது.”

“போயி?”

“ஒரு வளைவு வந்துச்சு. நான் திரும்பிட்டேன்.”

வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன என்றுகூடப் பார்க்காமல் வந்திருக்கிறான், பாவி! அந்த வாரம் முழுக்க அவள் அவனோடு பேசவில்லை. குழம்பு வைத்தாள், பேச்சு மட்டும் இல்லை.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் தை மாதம், கரையில் ஒரு சண்டை. வேலுவுக்கு ஏரியில் பாடு நாள், அவன் படகோ உடைந்து கிடந்தது. வீரராகவனின் படகை எடுத்துப் போய் நிறைய இறாலோடு வந்தவன், போட்டுப் பங்கு என்று படகுக்காரருக்குத் தர வேண்டிய பாதியை வைக்காமல் நழுவப் பார்த்தான். வீரராகவன் கத்திய கத்தல் மாடி வரை கேட்டது. “ஏரி இன்னிக்கு ஒம் பாடு, ஒத்துக்கறேன். போட்டு யாருதுடா? பாதி போட்டுக்கு வெச்சிட்டு அப்பால நட!” மாடியில் துணி மூடிய காருக்குப் பக்கவாட்டுக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்த அமுதவல்லி, இடுக்கியைக் கீழே வைத்தாள். வேகமாகப் படியிறங்கினாள். எதிரில் உட்கார்ந்திருந்த சிங்காரம் என்னவோ ஏதோ என்று பின்னாலேயே ஓடினார்.

கரையில் கூட்டத்தின் நடுவில் நின்று அவள் கேட்டாள். “மாமா, காரு ஏரி இல்ல. ரோடுதான் ஏரி. அதுக்கு நீங்க பாடு வெச்சிக்கங்க, நான் கேக்கல. காருதான் போட்டு. போட்டு என்னுது. மூணு வருசமா ஏறிப் போனவன் ஒருத்தனாவது போட்டுப் பங்கு வெச்சானா?”

யாரோ சிரித்தார்கள். சிங்காரம் சிரிக்கவில்லை. பெண்ணுக்குப் பாடு இல்லை என்று அவரால் நூறு தடவை சொல்ல முடியும். படகுப் பங்கு இல்லை என்று ஒரு தடவைகூடச் சொல்ல முடியாது. புருஷனைக் கடலுக்குக் கொடுத்த கோவிந்தம்மா வீட்டுக்கு அவள் படகின் பங்கு இன்றுவரை தினமும் போகிறது, சொந்தக்காரர் ஆணா பெண்ணா என்று யாரும் கேட்டதில்லை. எல்லோரும் வீரராகவனைப் பார்த்தார்கள். அவன் இப்போதுதான் தொண்டை கிழியக் கத்தி முடித்திருந்தான். ஆமாம் என்று தலையாட்டினான். காருக்கான பங்குக்குப் பதில் ஒரு பலாப்பழம் வாங்கித் தருவதாக வேலு சொன்னான். “ஒம் பலாப்பழம் யாருக்குடா வேணும்? போன தூரத்துல பாதி வெய்யி,” என்றாள் அமுதவல்லி. மூன்று வருஷத்துப் பயணத்தில் பாதியை மொத்தமாக அவள் எடுத்துக்கொள்ளட்டும், அதுவரை காரில் யாருக்கும் பாடு கிடையாது என்று நாட்டார் தீர்ப்புச் சொன்னார். பஞ்சாயத்து கலைந்தது, வேலு பாதி இறாலை அளந்து வைத்தான்.

மறுநாள் காலை ஊரே மாடியில் நின்றது. அமுதவல்லி ஒரு பையில் இரண்டு புடவை, நகவெட்டி, வாட்டர் பேப்பர், ஒரு டப்பா ரெசின் எடுத்துக்கொண்டாள். துணியை உருவி எறிந்துவிட்டு உதயகுமாரைப் பார்த்தாள். “பக்கத்துல ஒரு சீட்டு கீது. வரியா?”

“நாளிக்கி ஏரில எனக்குப் பாடு அமுதா,” என்றான் அவன்.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவன் அப்படித்தான் சொல்வான் என்று தெரிந்துதான் கேட்டாள், ஆனாலும் வந்தது. மூக்கைச் சிந்திப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். “சரி, தண்ணி லாரி வந்தா கொடத்த வெளிய வெய்யி,” என்று சொல்லிவிட்டுக் குனிந்தாள். பின்விளக்கு எரிந்தது, சக்கரங்கள் சுற்றத் தொடங்கின.

அவள் பங்கான ஒன்றரை வருஷக் கணக்குப் போன ஆடியோடு முடிந்துவிட்டது. அவள் திரும்பி வரவில்லை, சக்கரம் இன்னும் சுற்றுகிறது. வீரராகவன் ஒருமுறை அதைப் பற்றிப் பேச்செடுத்தான். இறங்காத ஆளை எப்படி இறக்குவது என்று சிங்காரம் கேட்க, அதோடு அந்தப் பேச்சு விட்டது. பட்டப்பகலில் சில சமயம் முன்விளக்கு எரியும், அங்கே இருட்டு என்று ஊர் தெரிந்துகொள்ளும். ஏரி காய்ந்து கிடக்கும் சித்திரையில் வைப்பர் ஆடும். உதயகுமார் இறாலை விற்றுவிட்டு நேராக மாடிக்கு வந்து, காரின்மேல் படியும் மணலைத் துடைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்துகொள்கிறான். நடுவில் எப்போதாவது சக்கரம் கொஞ்ச நேரம் நிற்கும். எங்கோ இறங்கிச் சாப்பிடுகிறாள். அதைப் பார்த்ததும் அவனும் எழுந்து, வீட்டுக்குப் போய், தட்டைப் போட்டுச் சாப்பிடுகிறான்.