கொசுறு போடும் கை

கமருதீனுக்குக் கம்பவுண்டர் வகுப்பில் இடம் கிடைக்குமா என்று கோட்டாறு கடைத்தெருவே கணக்குப் போட்டது. அவனுக்கு இங்கிலீஷ் தட்டுத்தடுமாறித்தான் வரும், சிபாரிசுக்கும் ஆளில்லை. அவன் வாப்பாவுக்கு மட்டும் சந்தேகமே இல்லை.

"சின்னதிலேயே நம்ம மளிகைக் கடையில தராசு பிடிச்ச கையாக்கும் மக்கா. ஒனக்குத்தான் எடம்" என்றார்.

அந்தக் கையை நினைத்தால்தான் கமருதீனுக்குப் பயம். வாப்பா கடையில் எதை நிறுத்தாலும், முள் நேரே நின்ற பிறகு கொஞ்சம் கொசுறு போட்டாக வேண்டும். இல்லையென்றால் வாங்க வந்தவர் முகத்தைத் தூக்கிக்கொள்வார். மருந்தில் அந்தக் கொசுறு ஆளையே தூக்கிவிடும்.

தேர்வன்று ஆஸ்பத்திரி டாக்டர் ஒரு வெள்ளைப் பொடியை நிறுக்கச் சொன்னார். முள் நேரே நின்றது. பழக்கதோஷம், கை தானாகவே இன்னொரு கரண்டி அள்ளிக்கொண்டு தட்டுக்கு மேலே போய்விட்டது. பாழாய்ப்போன கை! பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு துகள் சிந்தாமல் அதைத் திருப்பினான்.

டாக்டர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "கை ஏன் போச்சு? ஏன் திரும்பிச்சு?"

"போனது எங்க வாப்பாக்க கடைக் கை, சார். திருப்பினது கம்பவுண்டராக்கும்."

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். "திங்கக்கிழமை வகுப்புக்கு வந்திரு, கம்பவுண்டரே."

அன்று சாயங்காலம் வாப்பா கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் கொசுறு கை கொள்ளாமல் விழுந்தது. தராசு முள்ளை யாரும் பார்க்கவில்லை.