எல்லாரும் பாஸ்

தொழிற்சாலையில் அவருக்கு முத்திரை என்று பேர். பெற்றவர்கள் வைத்த பேர் சம்பளச் சீட்டோடு சரி. ஜாடிகளுக்கும் டப்பாக்களுக்கும் பிளாஸ்டிக் மூடி செய்கிற இடம் அது. ஒரு நாளைக்கு நாற்பதாயிரம் மூடி வந்து விழும். அத்தனையையும் திருகிப் பார்க்க அவருக்கென்ன ஆயிரம் கையா? ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று பெட்டிக்கு ஐந்து எடுப்பார். திருகுவார், அமுக்குவார், தண்ணீர் ஊற்றிக் கவிழ்ப்பார். ஐந்தும் தேறினால் பெட்டியின் மேல் 'பாஸ்' என்று வட்ட முத்திரை குத்துவார். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் வேலை.

அந்த வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு அவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஒரே ஒரு கொரோனா டெஸ்ட் கிட் இருந்தது. அதைச் சுற்றி மூன்று பேர்: முத்திரை, அவர் மனைவி, கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கும் மகள். பேக்கிங்கில் வேலை செய்யும் ஒருவருக்குக் கொரோனா என்று முந்தின நாள் சாயங்காலம்தான் தகவல் வந்தது. முத்திரை மருந்துக்கடைக்கு ஓடினார். கடைசியாக மிச்சமிருந்தது இந்த ஒன்றுதான். அடுத்த சரக்கு மறுநாள் பத்து மணிக்குத்தான் வரும் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார்.

வேறு நாளாக இருந்தால் மூன்று பேரும் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டில் கிடந்திருப்பார்கள். அன்றைக்கு முடியாது. மனைவி எட்டு மணி பஸ்ஸில் தங்கை வீட்டுக்குப் போக வேண்டும். ஏழு மாதத்துக்கு முன்னால் அந்தத் தங்கைக்குச் சிறுநீரகம் மாற்றினார்கள். கொடுத்தவள் அக்காதான். புதிதாக வந்ததை உடம்பு தள்ளிவிடக் கூடாது என்று, எதிர்ப்பு சக்தியையே அடக்கிப்போடும் மாத்திரையைத் தினம் இரண்டு வேளை தங்கை விழுங்குகிறாள். கொரோனா வந்தால் இந்த உடம்பு தாங்காது என்று டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தார். அதனால் ஏழு மாதமாக அக்கா தங்கையை ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் பார்த்தாள். தங்கை கணவர் லிஃப்ட் மெக்கானிக். அவருக்கு அன்று மதியம் முதல் நாலு நாள் வெளியூர் வேலை. தங்கையைத் தனியே விட முடியாது.

"போறது நான். அப்போ நான்தான் பாத்துக்கணும்" என்று மனைவி கிட்டைத் தன் பக்கம் இழுத்தாள்.

"அவசரப்படாதே, யோசிச்சுச் செய்யணும்." முத்திரை மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். வேலையில் பெட்டியைத் திறக்கும் முன்னாலும் அப்படித்தான் செய்வார். "நம்ம மூணு பேர்ல யாருக்கு வந்திருக்க வாய்ப்பு ஜாஸ்தி? எனக்கு. வாரத்துல ஆறு நாள் இருநூறு பேரோட நிக்கிறேன். இவ பிராக்டிகல் எக்ஸாமுக்கு ஒரே ஒரு நாள் போனா, அதுவும் ரெண்டு மாஸ்க் போட்டுக்கிட்டு. நீ ரெண்டு வாரமா வாசப்படி தாண்டலை. எதுமேல சந்தேகம் ஜாஸ்தியோ அதைத்தான் எடுத்துப் பாக்கணும். அது தேறிட்டா மத்ததெல்லாம் தானா தேறும்."

"எனக்கும் ஒண்ணு இருந்தா மனசு நிம்மதியா இருக்கும்."

"இருந்தாத்தானே? இருக்கிறது ஒண்ணு."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் இதில் கொடுமை. உளறியிருந்தால் அவள் ஒரே பேச்சில் வாயை அடைத்திருப்பாள். வீட்டுக்கு வரும் அரிசியிலிருந்து வாடகை வீட்டுச் சுவர்வரை அவர் தட்டிப் பார்த்துச் சொன்னது இதுவரை பொய்த்ததில்லை. அந்தப் பெருமை அவருக்கும் கொஞ்சம் கூடவே உண்டு. மனைவி கிட்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

அவர் குச்சியை மூக்கில் விட்டார், கண்ணில் தண்ணீர் வந்தது. சொட்டு விட்டுப் பதினைந்து நிமிஷம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒற்றைக் கோடு. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், சாய்த்துப் பார்த்தார். ஒற்றைக் கோடுதான்.

"எல்லாரும் பாஸ்" என்றார்.

மனைவிக்கு முகம் மலர்ந்துவிட்டது. பையில் திணித்துவைத்திருந்த மாஸ்க் கட்டைப் பார்த்து அவர் சிரித்தார். "பஸ்ல போட்டுக்கோ. அங்க போயும் மூஞ்சியை மூடிக்கிட்டு நிக்காதே. ஏழு மாசம் கழிச்சுக் கிட்டத்துல பாக்குறா, பயந்துடப் போறா." எட்டு மணி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பினார். தொழிற்சாலையில் அவரையும் சேர்த்துப் பத்துப் பேரை மூன்று நாள் வர வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். பேப்பரை விரித்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தார்.

ஒன்பதரைக்குத் தீய்ந்த நாற்றம் வந்தது. எழுந்து போவதற்குள் சமையலறையில் புகை மண்டிவிட்டது. அடுப்பில் பால் பொங்கி, வற்றி, பாத்திரம் கறுத்துப்போயிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினால், ஐந்தடி தூரத்தில் மேஜையில் மகள் குனிந்து படித்துக்கொண்டிருக்கிறாள். பால் வைத்தவளே அவள்தான்.

"என்னம்மா இது? இந்த நாத்தத்துல எப்படி உக்காந்திருக்கே?"

மகள் நிமிர்ந்தாள். "எந்த நாத்தம்?"

அவர் உள்ளே ஓடினார். குளியலறை சோப்பைக் கொண்டுவந்து அவள் மூக்கருகில் நீட்டினார். தைல பாட்டிலைத் திறந்து நீட்டினார். ஃபினாயிலையும் திறந்தார். அவள் ஒவ்வொன்றாக மோந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். கண்கள் மட்டும் பெரிதாகிக்கொண்டே போயின.

"எப்பலேர்ந்து?"

"நேத்து ராத்திரி சாப்பாடே சப்புன்னுதான் இருந்துச்சு. அம்மா உப்பு போட மறந்துட்டாங்கன்னு நினைச்சேன். காலைல பல் தேய்க்கிறப்போ பேஸ்ட் வாசனையும் தெரியலை."

"அப்பவே ஏன் சொல்லலை?"

"சொல்லத்தான் வந்தேன். நீங்கதான் எல்லாரும் பாஸ்னு சொல்லிட்டீங்களே. சும்மா சளியா இருக்கும்னு விட்டுட்டேன்." அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு அவரிடமிருந்து விலகி நின்றாள். "அம்மாவுக்கு போன் பண்ணுங்கப்பா. உடனே பண்ணுங்க."

இங்கேதான் மனுஷனுக்குப் புத்தி பிசகியது. தொழிற்சாலையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு மூடி ஒழுகினால் மிஷினை நிறுத்த மாட்டார்கள். இரண்டாவது சாம்பிள் எடுத்துப் பார்த்து, அதுவும் ஒழுகினால்தான் நிறுத்துவார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் ஒரே ஒரு மூடியை நம்பி மிஷினை நிறுத்தி, அரைநாள் உற்பத்தி போய், மேனேஜர் எல்லார் முன்னாலும் அவரை நார் நாராகக் கிழித்தார். அன்றிலிருந்து அவர் உறுதி செய்யாமல் வாயைத் திறப்பதில்லை. காலையில் ஒரு கோட்டைப் பார்த்து மூன்று பேருக்குத் தீர்ப்புச் சொன்னவர், இப்போது தீய்ந்த பாலும் தைலமும் ஃபினாயிலும் சாட்சி சொல்லியும் இன்னொரு சாட்சி கேட்டார்.

"உறுதியாத் தெரியாம சொல்லி அவளைப் பதற வைக்க வேண்டாம். தனியாப் போயிட்டிருக்கா. பத்து மணிக்கு கிட் வந்துடும். உனக்குப் பாத்துட்டு நானே சொல்றேன். பஸ் போய்ச் சேர பத்தரை ஆகும்."

"அப்பா, எனக்கே தெரியுதே."

"நீ உள்ள போய்க் கதவைச் சாத்திக்கோ. அம்மாகிட்ட நான் பேசுறேன்."

அப்பா சொன்னால் சொன்னதுதான் என்று வளர்ந்த பெண். உள்ளே போனாள்.

மருந்துக்கடை முன்னால் தரையில் சுண்ணாம்பு வட்டங்கள் போட்டிருந்தார்கள், ஒரு வட்டத்துக்கு ஒரு ஆள். முத்திரை நான்காவது வட்டத்தில் நின்றார். பத்து மணிக்கு வர வேண்டிய வண்டி பத்து ஐந்துக்கு வந்தது. கடைக்காரர் பெட்டியைப் பிரித்து, பில் பார்த்து, எண்ணி அடுக்கினார். அவர் எண்ணுகிற அழகைப் பார்த்தால் பொறுமைசாலிக்கும் பைத்தியம் பிடிக்கும். முன்னால் நின்ற கிழவர் ஒருவர் தலைவலி மாத்திரையை எப்போது சாப்பிட வேண்டும் என்று மூன்று தடவை கேட்டார். முத்திரைக்கு மாஸ்க்குக்குள் வியர்வை வழிந்தது.

பத்து பத்துக்குப் போன் அடித்தது. மனைவி.

"இன்னும் ரெண்டு ஸ்டாப்தான். சீக்கிரமே வந்துடுச்சு" என்றாள். அவள் குரலில் அத்தனை சந்தோஷத்தை அவர் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. "ஸ்டாப்புக்கே வண்டி எடுத்துட்டு வந்து நிக்கிறாராம் அவ வீட்டுக்காரர். அங்க எல்லாம் சரிதானே?"

வார்த்தை தொண்டைவரை வந்தது. முன்னால் இன்னும் இரண்டே பேர். கிட் கைக்கு வந்துவிடும், கால்மணி நேரத்தில் தெரிந்துவிடும். ஒருவேளை இது வெறும் சளியாக இருந்தால்? ஏழு மாதம் காத்திருந்தவளை வீணாகத் திருப்பி அனுப்பிய பாவம் யாருக்கு?

"சரிதான்" என்றார்.

கிட்டை வாங்கிக்கொண்டு அந்த வயசில் ஓடக் கூடாத ஓட்டம் ஓடினார். மகளே குச்சியை விட்டுக்கொண்டாள். சொட்டை விட்டுவிட்டு, அறை வாசலில் தரையில் அந்த வெள்ளைப் பட்டையை வைத்துத் தள்ளிப்போய் நின்றாள். பதினைந்து நிமிஷம் தேவைப்படவில்லை. மூன்றாவது நிமிஷமே இரண்டு கோடு பளிச்சென்று வந்துவிட்டது. அவர் அதைச் சாய்த்துப் பார்க்கவில்லை.

போன் போட்டார். அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டார்.  மூன்றாம் தடவை எடுத்தது மனைவி இல்லை, சகலை.

"சொல்லுங்க அண்ணா. அண்ணி பை இங்க கூடத்துல இருக்கு, அதான் நான் எடுத்தேன்."

"அவ எங்க?"

"அக்காவும் தங்கச்சியும் உள்ள உக்காந்து ஒரே அழுகை" என்று சகலை சிரித்தார். "வாசல்லயே ஆரம்பிச்சாச்சு. கட்டிப்பிடிச்சவங்க அஞ்சு நிமிஷம் விடலையே. நான்தான் பிரிச்சு உள்ள அனுப்பினேன்."

முத்திரை அவர் பேச்சை வெட்டினார். ஒருவழியாக விஷயத்தைச் சொன்னார். மகளுக்கு இரண்டு கோடு, மனைவியை உடனே வெளியே கூட்டிவாருங்கள், தங்கையைத் தனி அறையில் வையுங்கள். சகலையின் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. செருப்பில்லாத கால்கள் ஓடும் சத்தம் கேட்டது. பேச்சுக் குரல்கள், ஒரு நாற்காலி விழுந்தது. பிறகு சகலை திரும்பி வந்தார், மூச்சு வாங்கியது.

"அண்ணியை வாசலுக்கு அனுப்பிட்டேன். என் போன்ல டாக்டரைப் பிடிக்கிறேன். அவர் எல்லாம் கேப்பார். பொண்ணுக்கு எப்ப ஆரம்பிச்சுது?"

"நேத்து ராத்திரி."

"உங்களுக்கு எப்பண்ணா தெரிஞ்சுது?"

இப்போதுதான் என்று சொல்லியிருக்கலாம். கோட்டைப் பார்த்தது இப்போதுதானே, அதில் பொய்யும் இல்லை. திறந்திருந்த கதவு வழியாக மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒம்பதரைக்கு" என்றார்.

"ஒம்பதரைக்காம் அண்ணி" என்று அந்தப் பக்கம் சகலை சொல்வது கேட்டது. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. போன் கைமாறும் சத்தம் கேட்டது. மனைவி வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள் போலிருக்கிறது, பின்னால் தெருவில் வண்டிகள் போயின.

"ஒம்பதரைக்கா?" என்றாள்.

"ஆமா."

"நான் பத்து பத்துக்குப் பேசினேன்."

"ஆமா."

"எல்லாம் சரிதானேன்னு கேட்டேன். அப்ப நான் பஸ்ஸுக்குள்ள இருந்தேன்."

அவர் வாயைத் திறந்தார். கிட், சாம்பிள், உறுதி என்று என்னென்னவோ நாக்கு நுனிவரை வந்தன. ஒன்றுக்கும் அங்கே மதிப்பில்லை என்று அவருக்கே தெரிந்தது. 

"உங்களை மட்டும் சொல்லி என்ன?" என்றாள் அவள். குரல் உடையாமல் இருக்கப் பாடுபட்டாள். "காலைல எழுந்ததுலேர்ந்து எனக்குத் தொண்டை அரிச்சுச்சு. அதனாலதான் அந்தக் கிட்டைக் கேட்டேன். நீங்க ஒண்ணுமில்லைன்னு சொன்னதும் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அவளைப் பாக்கணும்ங்கிற ஆசையில, அரிக்கிற தொண்டையை அரிக்கலைன்னு நானே நம்பிட்டேன். மாஸ்க்கைக் கழட்டிட்டு அவ கழுத்துல மூஞ்சியைப் புதைச்சுக்கிட்டு அழுதேங்க. ஒரு கையால குடுத்தேன். இன்னொரு கையால பறிச்சுட்டேனோன்னு இருக்கு."

அப்போது போனில் இன்னொரு குரல் கேட்டது, கொஞ்சம் தள்ளி. மச்சினியின் குரல். "அக்கா, அவர் என்னென்னமோ சொல்றார். நீ ஏன் வெளியே உக்காந்திருக்கே? உள்ள வா."

"வராதே" என்றாள் மனைவி. தங்கையிடம் அவள் அப்படிச் சொல்லி முத்திரை கேட்டதே இல்லை. "கிட்ட வராதேன்னு சொல்றேன்ல. உள்ள போ. கதவைச் சாத்து."

கதவு சாத்தும் சத்தம் கேட்கவில்லை. மறுபடி கத்தினாள். இந்தத் தடவை கேட்டது. கொஞ்ச நேரம் அவள் அழுகையை மட்டும் அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்க" என்றாள் கடைசியில். "எல்லாத்துக்கும் பாத்துச் சொல்வீங்களே. அவளுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

"எனக்குத் தெரியலை" என்றார் முத்திரை.