உள்ளே போகாத செய்தி

பெர்னார்டை யாரும் கெட்டவன் என்று சொல்ல மாட்டார்கள். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் கிட்டார் வாசிப்பான், வயதானவர்களுக்கு டாக்சி பிடித்துக் கொடுப்பான், யார் எதைக் கேட்டாலும் "ஆச்சு லா" என்பான். பாதி ஆகியிருக்காது. ஆனால் கேட்டவர் நிம்மதியாகத் திரும்பிப் போவார்.

எண்பத்து நான்கில் அவனும் நானும் சிங்கப்பூரில், ஜூரோங்கில் ஒரே கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தோம். கண்ணாடிக் கதவுக்கு வெளியே டெலிபோன் மேசையில் அவன், ஷிப்ட் சூப்பர்வைசர். உள்ளே குளிரில் ஸ்வெட்டரும் நானுமாக கெர்னல் வேலை. மெஷினையே ஆள்கிற அடிப்படை புரோகிராமுக்குத்தான் கெர்னல் என்று பெயர். மெஷின் அறைக்குள் டெலிபோன் கிடையாது. எனக்கு அழைப்பு வந்தால் பெர்னார்ட் கதவைத் தட்டிச் சொல்ல வேண்டும்.

என் அண்ணன் சவரிராஜுக்கு இந்த மெஷின் என்றாலே கிண்டல். "உன் வீட்டுக்காரரு எப்படி இருக்காரு?" என்று கேட்பான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதற்கு முந்தைய வருடம் அவன் மகளுக்கு ஞானஸ்நானம். நான்தான் ஞானத்தாய். அன்றைக்குப் பார்த்து மெஷின் படுத்துவிட்டது, நான் போகவில்லை, என் இடத்தில் வேறொருத்தி பிள்ளையை ஏந்திக்கொண்டு நின்றாள். அவன் பல மாதம் என்னோடு பேசவில்லை. கிறிஸ்துமஸ் அன்று அவன் வீட்டுக்கே போய், "இனிமே நீ ஒரு தடவ கூப்பிட்டா போதும், மெஷின் எரிஞ்சாலும் விட்டுட்டு வந்துடுவேன்" என்றேன். "பாப்போம்" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

அடுத்து வந்த ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் பல வாரமாகத் துரத்திக்கொண்டிருந்த ஒரு தகராறு அன்றைக்குத்தான் கையில் சிக்கியது.

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு பெரிய மெஷின். அதன் கெர்னல் தனக்குள் இன்னொரு மெஷின் இருப்பதுபோலக் காட்டும். அந்தப் பொய் மெஷினுக்குள் வேறொரு கெர்னல். அதுவும் தன் பங்குக்கு ஒரு பொய் மெஷினை வைத்திருக்கும். அடி, நடு, உள் என்று நான் பெயர் வைத்திருந்தேன். புதிதாக எழுதுவதை நடுவிலும் உள்ளேயும் ஓட்டிப் பார்த்தால், கெட்டாலும் அடி பிழைத்துக்கொள்ளும். அப்படியும் பயந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் தொடவிடுவார்கள்.

உள் மெஷினின் பிராசஸர் வேலை இல்லாதபோது தூங்கும். வேலை வந்தால் "எழுந்திரு" என்ற கோரிக்கை அடியிலிருந்து நடுவுக்கு வரும். நடு அதை உள்ளே கொடுக்க வேண்டும். சில நேரம் உள் பிராசஸர் எழுந்திருப்பதே இல்லை. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை.

எனக்கு அன்று தெரிந்தது. கோரிக்கை கைக்கு வந்ததுமே நடு கெர்னல் "கொடுத்தாயிற்று" என்று அடிக்குப் பதில் சொல்லிவிடுகிறது. அதற்குப் பிறகுதான் கொடுக்கவே போகிறது. இடையில் வேறு வேலை குறுக்கிட்டால் கொடுக்காமலே மறந்துவிடுகிறது. அடி நிம்மதியாக இருக்கும், உள்ளே இருப்பது தூங்கிக்கொண்டே கிடக்கும். உள்ளே போய்ச் சேர்ந்த பிறகுதான் பதில் என்று மாற்றி எழுதினேன். ஓட்டினேன். உள் பிராசஸர் ஒவ்வொரு தடவையும் எழுந்தது. எனக்கு ஆடலாம் போல இருந்தது.

சாயங்காலம் வெளியே வந்தேன். "பெர்னார்ட், புடிச்சுட்டேன்!" என்றேன்.

அவன் எழுந்து நின்றான். "உர்சுலா, அம்மா போன் பண்ணாங்க. சவரிக்கு நெஞ்சு வலியாம், ஹாஸ்பிட்டல்ல சேத்திருக்காங்க. உன்னைக் கேக்குறானாம்."

"எப்ப பண்ணாங்க?"

"மத்தியானம். நீ டெஸ்ட் பண்ணிக்கிட்டிருந்தே. ஒரு அஞ்சு நிமிஷம் கழிச்சு சொல்லலாம்னு பார்த்தேன், அதுக்குள்ள வேற வேற போன்... அப்புறம் மறுபடியும் அம்மா பண்ணாங்க."

"அம்மாகிட்ட என்ன சொன்னே?"

"சொல்லிட்டேன், கிளம்பிட்டான்னு சொன்னேன். அழுதாங்க லா. பாவமா இருந்துச்சு."

அவனை அறைந்திருக்க வேண்டும். அதற்கும் நேரமில்லாமல் டாக்சிக்கு ஓடினேன்.

வார்டுக்கு வெளியே பெஞ்சில் அம்மா தனியாக உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து அழவில்லை. அண்ணன் போய்விட்டான் என்பது அதிலேயே தெரிந்துவிட்டது.

"வந்துடுவா, வந்துடுவான்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். வாசலையே பாத்துக்கிட்டிருந்தான். கடைசில, 'அவ வர மாட்டாம்மா, மெஷின் விடாது'ன்னான். அதுக்கப்புறம் பேசல" என்றாள் அம்மா.

"அம்மா, எனக்கு யாருமே சொல்லலம்மா."

"பெர்னார்ட் சொன்னேன்னு சொன்னானே."

ஆங் மோ கியோவில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில், எல்லோரும் வந்து பார்க்க அண்ணனின் சவப்பெட்டியை வைத்தோம். நான் அம்மாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். சத்தியம் செய்தேன். இரண்டாம் நாள் அம்மா கொஞ்சம் இளகினாள். திறந்திருந்த பெட்டியைப் பார்த்து, "பெர்னார்ட் வரட்டும். கேட்டுட்டு நானே இவன்கிட்ட சொல்றேன். தங்கச்சிக்குத் தெரியாதுப்பான்னு சொல்றேன். நிம்மதியாப் போகட்டும்" என்றாள். அதற்காக நான் காத்திருந்தேன். சாப்பிடாமல், வாசல் பக்கமே பார்த்துக்கொண்டு காத்திருந்தேன்.

அடக்கத்தன்று காலையில் பெர்னார்ட் வந்தான். சிராங்கூன் ரோட்டில் வாங்கிய பெரிய ரோஜா மாலை. ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த எங்கள் பங்குக் கோயில் ஆட்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மாலையைப் பெட்டியின்மேல் வைத்துவிட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"தம்பி, ஒன்னே ஒன்னு கேக்குறேன். அன்னைக்கு இவகிட்ட நீ சொன்னியா?" என்று கேட்டாள் அம்மா.

ஜெபம் நின்றுவிட்டது. அவன் என்னைப் பார்த்தான். நான் அவனையே பார்த்தேன். அவன் கண் கலங்கியிருந்தது. சொல்லிவிடுவான் என்றுதான் நினைத்தேன். அவன் பங்கு ஆட்களைப் பார்த்தான், பிறகு குனிந்துகொண்டான்.

"சொன்னேன் ஆன்ட்டி. உடனே சொல்லிட்டேன்."

"டேய்" என்று நான் கத்தினேன். யாரோ என் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்கள். துக்கத்தில் கத்துகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

அம்மா அவன் கையை விட்டுவிட்டுப் பெட்டிப் பக்கம் போனாள். மாலையைக் கொஞ்சம் விலக்கி, அண்ணனின் காதருகே குனிந்தாள்.

"சொல்லியிருக்காங்கப்பா. அவதான் வரல."