சூளை ஆபீஸில் வீட்டு வைஃபை

கோதண்டபாணி வேலை பார்க்கும் பீங்கான் கம்பெனிக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே ஒரு ரயில்வே கேட்டும் மூன்று கிலோமீட்டர் தூரமும் உண்டு. வீட்டு வைஃபையோ வாசலைத் தாண்டாது. அப்படியிருக்க, அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் ஆபீஸில் லேப்டாப்பைத் திறந்தவர், திரையின் மூலையைப் பார்த்ததும் சுட்டதுபோல் கையை எடுத்துக்கொண்டார்.

'பூர்ணி வூடு' என்றிருந்தது. இணைந்துவிட்டதாகவும் காட்டியது.

பூர்ணிமா அவருடைய ஒரே மகள். வீட்டு வைஃபைக்கு அந்தப் பேரை விளையாட்டாக வைத்தவளே அவள்தான். டெங்கு வந்து ஐந்தே நாளில் போய்ச் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது.

சூளையின் சூட்டு அளவுகளைத் தினமும் மூன்று மணிக்குச் சென்னைத் தலைமை ஆபீஸுக்கு அனுப்பியாக வேண்டும். அனுப்புகிற புரோகிராம் ஆபீஸ் வைஃபையில் மட்டும்தான் திறக்கும். பட்டியலில் ஆபீஸ் பேரைத் தேடித் தொட்டார். இணைந்தது. ஆனால் ஆபீஸ் லைன் எப்போதுமே நோஞ்சான்; ஒரு தடுமாற்றம் தடுமாறியதும் லேப்டாப் பழையபடி 'பூர்ணி வூட்டு'க்கே போய் ஒண்டிக்கொண்டது. அளவுகள் போகவில்லை.

செவ்வாயும் அதே கதை. புதன்கிழமை, ஆபீஸ் லைன் எட்டாத வேப்பமரத்தடிக்குச் சாப்பிடப் போகும்போது லேப்டாப்பையும் எடுத்துப் போனார். அங்கேயும் அந்தப் பேர் வந்திருந்தது, சிக்னல் கோடெல்லாம் நிறைந்து. உருட்டிய முதல் கவளத்தை வாயில் போடாமல் சுற்றுமுற்றும் பார்த்தார்.

பயந்தார்தான், இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் வியாழக்கிழமை காலை ரயில்வே கேட்டில் நிற்கையில், இன்றைக்கு வராமல் போய்விடுமோ என்றுதான் அவர் நெஞ்சு அடித்துக்கொண்டது.

அன்றைக்கு மேனேஜர் வளவன் வந்து பக்கத்தில் நின்றான்.

"என்னாங்கய்யா, மூணு நாளா அளவு போவல. சூள எரியுதா, இல்ல அதுல டீ போட்டுக் குடிக்கிறீங்களான்னு சென்னையில கேக்குறாங்க." திரையைக் குனிந்து பார்த்தான். "இது உங்க வூட்டு லைனு பேரு மாதிரி இருக்குது? இங்க எப்பிடி வரும்? அந்தப் பேர அழிச்சி வுடுங்க. சனிக்கெழமைக்குள்ள சரியாவலன்னா இந்த வேலைய வேற ஆளுக்குக் குடுக்கச் சொல்லிட்டாங்க. எனக்கே சங்கடமா இருக்குது."

"அழிச்சிடறேங்க."

வளவன் போனபிறகு அம்புக்குறியை அந்தப் பேரின்மேல் கொண்டுபோய் வைத்தார். அழுத்த விரல் வரவில்லை. இவ்வளவு தூரம் தேடி வந்தவளை எந்த அப்பன் வாசலோடு திருப்பி அனுப்புவான்?

சாயங்காலம் மனைவி அம்சவல்லி அவரைக்காய் அரிந்துகொண்டிருந்தாள்.

"அம்சு, ஒண்ணு சொன்னா பயப்பட மாட்டியே?"

"சொல்லுங்க."

"புள்ள ஆபீசுக்கு வருது."

அவள் அரிவாள்மனையிலிருந்து கையை எடுத்தாள். திகைக்கவில்லை.

"நாந்தாங்க அனுப்புறேன்."

எழுந்துபோய் அவருடைய சாப்பாட்டுப் பையின் பக்கவாட்டு ஜிப்பைத் திறந்தாள். பூர்ணிமாவின் துப்பட்டாத் துண்டில் சுற்றி, அவளுடைய போன் இருந்தது.

"திங்கக்கெழமயிலேருந்து தையக் கடைக்குப் போறேன் இல்ல. வூட்டப் பூட்டிட்டா இது தனியா கெடக்கும். வருசம் திரும்புறவரைக்கும் தனியா வுடக் கூடாதும்பாங்க. வெளக்கேத்தி வெச்சாலும் காத்துல நின்னு போச்சின்னா? அதான், அப்பாகூட போயிட்டு வா கண்ணுன்னு..."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல."

"கிறுக்கும்பீங்க."

"நாலு நாளா நான் மட்டும் தெளிவா இருந்தனா?"

அவருக்கு இப்போது ஞாபகம் வந்தது. போன் ஹாட்ஸ்பாட்டுக்கும் வீட்டுப் பேரையே வைத்து, பாஸ்வேர்டையும் ஒன்றாகவே போட்டிருந்தாள் மகள். "லேப்டாப்புக்கு வூடு எது, என் போனு எதுன்னு தெரியாதுப்பா. நீ ஒண்ணயும் மாத்த வேணாம்," என்றிருந்தாள். அதை அவள் அணைத்ததே இல்லை.

"இத ஆஃப் பண்ணித்தான் அம்சு வெக்கணும். வேலை போயிடும்."

"நாலு மாசமா சார்ஜ் எறங்க வுடாம வெச்சிருக்கேன்." அவள் குரல் உயரவில்லை. "அணைக்காதீங்க. இன்னொரு தடவ என்னால முடியாது."

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, கோதண்டபாணி பையை எடுத்துக்கொண்டு சூளையைத் தாண்டி, சுடாத பச்சைச் சாமான் காயவைக்கும் கொட்டகைக்குப் போனார். அங்கே வேலை பார்க்கும் ஆதிலட்சுமி, பீங்கான் ஃபியூஸ் கட்டைகளின் ஓரத்தை ஈரத்துணியால் வழித்துக்கொண்டிருந்தாள். பையை ஆணியில் மாட்டினார்.

"பத்து நிமிசம் இங்க இருக்கட்டும்மா."

"சோத்துக்குக் காவலா? எலிகூட உங்க வூட்டு வத்தக்கொழம்பத் தொடாதுங்கய்யா."

அவர் சிரிக்கவில்லை. "பூர்ணி போனு இருக்குது. அங்கேருந்து தள்ளி வெச்சாத்தான் ஆபீசு லைன் நிக்கும். தனியா வுட வேணாம்னு அவங்கம்மா..."

ஆதிலட்சுமி கையிலிருந்த மண்ணை வாளித் தண்ணீரில் கழுவி, முந்தானையில் துடைத்தாள். ஆணியிலிருந்து பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீங்க போயி வேலைய முடிச்சிட்டு வாங்க."

ஆபீஸில் பட்டியலைத் திறந்தார். அந்தப் பேர் இல்லை. ஆபீஸ் லைன் தடுமாறியது, திரும்பப் பிடித்தது. லேப்டாப்புக்குப் போக வேறு இடம் இல்லை. அன்றைய அளவுகள் போயின, விட்டுப்போனவையும் போயின. போய்ச் சேர்ந்ததாக பதிலும் வந்தது. அவர் அந்தப் பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை நாளும் இருந்ததைவிடப் பெரிய பயம் அப்போதுதான் வந்தது.

லேப்டாப்பை மூடிவிட்டு ஓட்டமும் நடையுமாகக் கொட்டகைக்குத் திரும்பினார். தட்டிக்குப் பின்னாலிருந்து ஆதிலட்சுமியின் குரல் தாழ்ந்து கேட்டது.

"அப்பா வந்துருவாரு கண்ணு. வேலையாதான் போயிருக்காரு."

அவள் பேசி முடிக்கிறவரை கோதண்டபாணி வெளியிலேயே நின்றார்.