காமாலை என்று எழுதாத விண்ணப்பம்

1996 ஆகஸ்ட் 5, திங்கட்கிழமை, முற்பகல் பத்து மணி இருபது நிமிடம். மேற்கே மலையில் சாரல் இறங்கியிருந்தது. ஊருக்குள் வந்து சேர்ந்தது காற்று மட்டுமே. பொருநைப் பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவில் ஒவ்வொரு தாள்கட்டின் மேலும் ஒரு கண்ணாடிக் குண்டு உட்கார்ந்திருந்தது. கண்காணிப்பாளர் சிவசைலத்தின் மேசையில் மட்டும், உதவியாளர் இன்பமணியின் உள்ளங்கைக்கு அடியில், ஒரு விடுப்பு விண்ணப்பம் படபடத்துக்கொண்டிருந்தது.

"அறுபது நாளா?"

"ஆமா சார்."

"காரணம், மஞ்சள் காமாலை."

"ஆமா சார்."

சிவசைலம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த அலுவலகத்தில் நீண்ட விடுப்புக்கு உரிய நோய் காமாலை. மகள் பிரசவத்துக்கும் காமாலை, வீட்டுக்குத் தளம் போடவும் காமாலை. கேட்பாரும் இல்லை, நம்புவாரும் இல்லை. அவருக்கு மட்டும் உறுத்தும். 'விண்ணப்பதாரர் கூற்றுப்படி' என்று சேர்த்தே பரிந்துரைப்பார்.

இன்பமணிக்கு வந்திருப்பது என்ன என்று பிரிவுக்கே தெரியும். ஜூன் மாதம் ஒரு மாணவனின் மதிப்பெண்ணை 63 என்பதற்கு 36 என்று பதிந்துவிட்டார். பத்தே நாளில் அது திருத்தப்பட்டது. ஆனால் அந்தப் பத்து நாளுக்குள் பையன் கிணற்றடி வரைக்கும் போய்விட்டானென்று அவன் தகப்பனார் வந்து கத்திவிட்டுப் போனார். அன்று முதல் இன்பமணி ஒவ்வொரு பட்டியலையும் ஏழு தடவை சரிபார்த்தார். பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறியவர் பாதி வழியில் இறங்கித் திரும்பி வந்து, பீரோப் பூட்டை இழுத்துப் பார்த்தார். சாப்பாட்டுத் தூக்கு திறக்கப்படாமலே வீடு திரும்பியது.

"டாக்டர் என்னம்மா சொன்னார்?"

"மனசுக்கு ஓய்வு வேணும்னார் சார். ரெண்டு மாசம் தாள் பக்கமே போகக்கூடாதாம். இப்படியே போனா மாத்திரையும் கேக்காதுன்னார்."

"அப்ப அதையே எழுத வேண்டியதுதானே?"

தட்டச்சர் மைதீன் பாத்திமாவின் விரல்கள் நின்றன. "நல்லா இருக்கே சார் நீங்க சொல்லுதது! மனசு சரியில்லன்னு எழுதிக் குடுத்துட்டு அக்கா நாளைக்கு இங்கன எப்படி உக்காருவா? காமாலைன்னா கீழாநெல்லியோட போயிரும். இது போவுமா?"

சிவசைலம் இழுப்பறையிலிருந்து ஒரு சுற்றறிக்கையை எடுத்தார். 'பணியாளர்கள் தம் மன உளைச்சலைத் தயக்கமின்றித் தெரிவிக்கலாம். கோரிக்கைகள் கருணையுடன் பரிசீலிக்கப்படும்.' பிரிவில் அதை முழுதும் படித்தவர் அவர் ஒருவரே.

"கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்காங்க. சும்மாவா?"

"சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் இன்பமணி. காமாலையை நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டார். பிறகு குனிந்து, நான்கு துண்டும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்தார்.

உள்ளதைச் சொல்லி அவர் எழுதிக் கொடுத்த புது விண்ணப்பத்தின் மேல் சிவசைலம் ஒன்றரைப் பக்கத்தில் குறிப்பு எழுதினார். ஒரு சொல் மிகையில்லை. ஒரு செய்தி விடுபடவில்லை. கோப்பு மாடியில் பதிவாளர் அலுவலகத்துக்குப் போயிற்று.

செப்டம்பரில் மூன்று வினாக்களோடு திரும்பி வந்தது. நோய் தொடங்கிய நாள் எது? அந்நாள் முதல் இவர் கையொப்பமிட்ட பட்டியல்கள் எத்தனை? அவை நம்பத்தக்கனவா? 412 பட்டியல்கள், நாற்பதைத் தாமே பார்த்ததில் பிழையில்லை என்று சிவசைலம் எழுதினார். நாற்பதை மட்டும் பார்த்தது ஏன் என்று அக்டோபரில் கேட்டார்கள்.

முடிவு வரும்வரை விடுப்பில்லை. இன்பமணி நாள்தோறும் வந்தார். பட்டியல்களை ஏழு தடவை பார்த்தவர் பதினொரு தடவை பார்க்கலானார்.

"கோப்பு எங்கன சார் இருக்கு?" என்று காலையில் கேட்பார். மதியமும் கேட்பார், மாலை பஸ்ஸுக்குக் கிளம்பும்போதும் கேட்பார்.

"மாடியிலதாம்மா."

ஒருநாள் பாத்திமா பொறுக்காமல், "பேசாம காமாலையே குடுத்திருவோமா சார்?" என்றார்.

"பதிவேட்டுல ஏறிட்டு. இனி நிசமாவே காமாலை வந்தாலும் நம்பமாட்டாங்க."

சிவசைலம் வேடிக்கையாகப் பேசி அப்பிரிவில் எவரும் கேட்டதில்லை. அன்றும் எவரும் சிரிக்கவில்லை.

அவரே மாடியேறித் துணைப் பதிவாளரைப் பார்த்தார்.

"உம்ம குறிப்பு ரொம்பத் தெளிவா இருக்குவே. சிக்கலே அதுதான்" என்றார் துணைப் பதிவாளர். "காமாலைன்னு இருந்தா அன்னைக்கே கையெழுத்துப் போட்டிருப்பேன். மனசுன்னு எழுதிட்டீர். நாளைக்கு ஒரு மார்க் தப்பாப் போனா, தெரிஞ்சும் ஏன் விட்டீருன்னு என்னையில்லா கேப்பான்?"

"சுற்றறிக்கையில..."

"அது சுற்றறிக்கைவே."

நவம்பர் 18, திங்கட்கிழமை, பிற்பகல் நான்கு மணி. மழை சன்னல் கம்பி வழியே உள்ளே தெறித்தது. ஆணை கையொப்பமாகி வந்துவிட்டது.

மருத்துவக் குழுவின் முன் தோன்றும்வரை கோரிக்கை நிலுவையில் வைக்கப்படுகிறது. குழு கூடும் நாள் பின்னர் தெரிவிக்கப்படும். அதுவரை இவர் நாள்தோறும் அலுவலகம் வரவேண்டும். எப்பணியும் இவரிடம் ஒப்படைக்கப்படலாகாது. இவருடைய 412 பட்டியல்களையும் கண்காணிப்பாளர், இவர் முன்னிலையில், மீண்டும் சரிபார்க்க வேண்டும்.

சிவசைலம் அதை மூன்று முறை படித்தார். ஒரு பிழை அகப்பட்டால் போதும், திருப்பி அனுப்பிவிடலாம். நான்கு நாளாவது கிடைக்கும். கோப்பு எண் சரி. பெயர் சரி. நாள் சரி. கையொப்பம் உரிய இடத்தில் இருந்தது. நான்காம் முறையும் படித்தார்.

நிமிர்ந்தபோது இன்பமணி எதிரில் நின்றார். பாத்திமா தட்டுவதை எப்போதோ நிறுத்தியிருந்தார்.

"ஆர்டர் வந்துட்டா சார்?" ஈரக்கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார். "லீவு கெடைச்சிட்டுல்லா?"

சிவசைலம் தாளை நனையாமல் தூக்கிப் பிடித்து, இரு கைகளாலும் நீட்டினார். இன்பமணி வாங்கிக்கொண்டார்.