மூன்றுக்கு ஒன்று

2007 பிப்ரவரி 12, திங்கட்கிழமை காலை பத்தே காலுக்கு, கோவை பீளமேட்டில் ஒரே தெருவின் பதினேழு வீடுகளுக்குத் தபால்காரர் ஒரே மாதிரியான நீல உறைகளைக் கொடுத்துவிட்டுப் போனார். ஒன்பதாவது உறை அருமைநாயகத்துக்கு. வலாகா ஏர்வேஸ் யூனிலைன் நிறுவனத்துடன் இணைந்துவிட்டது என்றது கடிதம். வலாகாவில் உறுப்பினர்கள் சேர்த்த பயணங்கள் மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் புதிய நிறுவனத்துக்கு மாற்றப்படும். எவற்றை வைத்துக்கொள்வது என்பதை மார்ச் 31க்குள் குறித்து அனுப்ப வேண்டும். மற்றவை நடக்காத பயணங்களாகக் கருதப்படும்.

விகிதம் நியாயமானது என்றுதான் தெருவில் பேசிக்கொண்டார்கள். இதற்கு முன் வேறொரு விமானக் கம்பெனி இணைந்தபோது ஐந்துக்கு ஒன்றுதான் கொடுத்தார்கள். அப்போது எதிர்வீட்டுத் திருவேங்கடம் படிவத்தை அனுப்ப மறந்துவிட்டார். ஹைதராபாத்துக்குப் பறந்துபோய் நேர்முகத் தேர்வில் வாங்கிய வங்கி வேலை அவருடையது. கெடு முடிந்த மறுநாள் காலை எட்டரைக்கு அவர் மசக்காளிபாளையம் போய், இருபது வயதில் வேலை பார்த்த சைக்கிள் கடையின் ஷட்டரைத் தூக்கினார். மத்தியானம் அவர் மனைவி சாப்பாட்டை அங்கே கொண்டுபோனார். கிரீஸ் படும் என்பதால் பழைய சட்டைகளைப் பரணிலிருந்து இறக்கி வைத்தார்.

அருமைநாயகம் ஒரு பம்பு செட் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி. வலாகாவின் அட்டை முதன்முதலில் தபாலில் வந்த நாள் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. புடைத்த எழுத்தில் பெயர்; பெட்டியில் மாட்டிக்கொள்ள ஒரு தோல் பட்டை. பிறந்தநாளுக்கு வலாகாவிலிருந்து வாழ்த்து அட்டை வரும். வேறு யாரிடமிருந்தும் வராத வருடங்களிலும் அது வந்தது.

கம்ப்யூட்டர் தானாக எதையும் ஏற்றிக்கொள்ளாத காலம் அது. போர்டிங் பாஸின் கிழித்த துண்டைப் படிவத்தில் ஒட்டி, உறுப்பினர் எண்ணை எழுதி, கையெழுத்துப் போட்டு, பம்பாய்க்கு அனுப்ப வேண்டும். துண்டில் யார் பெயர் இருக்கிறது என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை. எண்ணைத்தான் பார்த்தார்கள். வருடத்துக்கு முப்பது பயணம் சேர்ந்தால் வெள்ளி அட்டை. வெள்ளி அட்டைக்காரர் பதினைந்து கிலோ கூடுதலாகக் கொண்டுபோகலாம். கம்பெனியின் மாதிரி மோட்டார் பதினான்கு கிலோ இருந்தது. ஆகவே பிரதிநிதிகள் ஐந்து பேரும் சீட்டுப் பிடிப்பதுபோல் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஒரு வருடம் முழுக்க ஐந்து பேரின் துண்டுகளும் ஒருவருடைய எண்ணில் போகும். அவர் வெள்ளியாகி மோட்டாரைச் சுமப்பார். மறுவருடம் அடுத்தவர். அருமைநாயகத்தின் முறை 1995. அதற்கடுத்த வருடம் வைகுந்தவாசனுடையது.

1996 நவம்பர் 14 அன்று அருமைநாயகம் பம்பாயில் தாதர் லாட்ஜில் இருந்தார். கோவையில் மனைவி ஜெபமணிக்குப் பெண் பிறந்திருந்தது; ரத்தப்போக்கு நிற்கவில்லை. அவளுக்கு ஓ நெகட்டிவ். ஆஸ்பத்திரியில் இருப்பு இல்லை. அவருக்கும் ஓ நெகட்டிவ். லாட்ஜுக்குப் போன் வந்ததும் நான்கு நாற்பது விமானத்தைப் பிடித்தார். ஏழேகாலுக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக் கையை நீட்டினார். நர்ஸ் படிவத்தில் 'கணவர்' என்ற இடத்தில் வந்தவர் பெயரை எழுதிக்கொண்டார். ஒரு வாரம் கழித்து, சட்டைப் பையில் மடங்கிக் கிடந்த துண்டை அருமைநாயகம் வழக்கப்படி வைகுந்தவாசனின் எண்ணில் ஒட்டி, தன் கையெழுத்தைப் போட்டு அனுப்பினார்.

நீல உறைக்குள் இருந்த பட்டியலில் அந்தப் பயணம் இல்லை.

"அந்தத் துண்டு யார்கிட்டங்க போச்சு?" என்று ஜெபமணி கேட்டாள்.

"வைகுந்தத்துக்கிட்ட."

"அப்ப அவரைப் போய்ப் பாத்துட்டு வந்துடுங்க. சும்மா உக்காந்திருந்தா ஆகுமா?"

வைகுந்தவாசன் ராம்நகரில் தனியாக இருந்தார். ஐம்பத்துநாலு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, மெஸ் சாப்பாடு.

"வா நாயகம். நாலாவது ஆள் நீ. உக்காரு."

மேசையில் படிவம் விரிந்திருந்தது. முப்பத்துமூன்று பயணங்களில் பதினொன்றை வைத்துக்கொள்ளலாம். பத்துக் கட்டங்களில் ஏற்கெனவே டிக் விழுந்திருந்தது. மற்ற மூன்று பேரும் வந்து போயிருந்தார்கள்.

"மிச்சம் ஒண்ணே ஒண்ணு. அதை எனக்குன்னு வச்சிருக்கேன். ராஜ்கோட். ஆகஸ்ட் மாசம்."

"ராஜ்கோட்ல என்ன?"

"ஒண்ணுமில்ல. கொல்லன் தெருவுல ஊசி விக்கற மாதிரி, பம்பு செய்யற ஊருக்கே பம்பு விக்கப் போனேன். பார்ட்டி கடையைப் பூட்டிட்டு எங்கயோ போயிட்டான். நாள் பூரா மழை. ஒரு டீக்கடையில உக்காந்திருந்தேன். ஒருத்தர்கிட்டயும் பம்பைப் பத்திப் பேசல. முப்பத்தோரு வருஷ சர்வீஸ்ல அப்படி ஒரு நாள்தான் வாச்சுது."

அருமைநாயகம் நவம்பர் 14 என்று சொன்னார். வைகுந்தவாசன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால் வரிசையில் இறங்கினார். இருபத்தொன்பதாவது.

"இது ஜெபமணி விஷயமாச்சே."

"ஆமா."

"சரி போ. மழைதானே, இங்கயும் பெய்யும்." பேனாவைத் திறந்தவர், அடியில் இருந்த பொடி எழுத்தைப் படித்துவிட்டு மறுபடி மூடினார். வைத்துக்கொள்ளப்படும் பயணத்தை உறுப்பினரே மேற்கொண்டதாகக் கருதப்படும் என்று அதில் இருந்தது.

இரண்டு பேரும் ஒரே ஸ்கூட்டரில் அவினாசி சாலையில் இருந்த யூனிலைன் அலுவலகத்துக்குப் போனார்கள். டோக்கன் நாற்பத்தொன்று. கவுண்டரில் இருந்த பெண் படிவத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"நம்பர் யாருதோ, பயணமும் அவங்களுதுதானுங்க சார்."

"அப்ப ஆஸ்பத்திரிக்கு வந்தது?" என்று அருமைநாயகம் கேட்டார்.

"இந்த சாருங்க."

"எனக்கு பி பாசிட்டிவ் ரத்தம்மா," என்றார் வைகுந்தவாசன்.

அவள் ஒரு தடித்த கோப்பைப் புரட்டிப் பார்த்தாள். "அது பயணத்தோட வந்துருங்க சார்."

"கணவர்ங்கற இடத்துல?"

"வந்தவர் பேருங்க. அடுத்த டோக்கன்."

வெளியே வந்து வைகுந்தவாசன் ஸ்கூட்டரைக் கிளப்பாமல் கொஞ்ச நேரம் நின்றார். "இந்த வயசுல குடும்பம். மெஸ்ல ஏப்ரல் மாச டோக்கனை வேற வாங்கித் தொலைச்சிருக்கேன்."

அருமைநாயகம் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"வேண்டாம்னா சொல்லிடு நாயகம். ராஜ்கோட்டுக்கே போட்டுடறேன். வருத்தமில்ல."

"அவகிட்டக் கேட்டுட்டுச் சொல்றேன்."

ஜெபமணி எலுமிச்சம்பழங்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கவுண்டரில் சொன்னதை அவர் ஒன்று விடாமல் சொன்னார்.

"அவர் கறி, மீன் சாப்பிடுவாரா?"

"மாட்டாரு. பூண்டு வெங்காயமும் கிடையாது."

"எஸ்தர்தான் பாவம். ஞாயித்துக்கிழமைன்னா கோழி வேணும் அவளுக்கு."

"நீ என்ன சொல்ற?"

"நான் என்னத்தச் சொல்ல." ஒரு பழத்தை நான்காகக் கீறினாள். "நான் அன்னைக்கே போயிட்டேன்னு வைங்க, பிள்ளைக்கு யார் பின்னல் போடுவா? பத்து வருஷமா பாக்கறீங்க, மூணு பிரியாப் பிரிக்கக்கூட உங்களுக்கு வராது." கீறிய பழத்துக்குள் உப்பை அழுத்தினாள். "டிக் பண்ணச் சொல்லிடுங்க."

அவர் போனை எடுத்துச் சொன்னார். திரும்பி வந்தபோது அவள் கேட்டாள்.

"நீங்க எங்க இருப்பீங்க?"

"தாதர்லதான். அங்கயிருந்து கிளம்பலன்னு ஆயிடுதே."

"சாப்பாடு எப்படி அங்க?"

"பருப்புல வெல்லம் போடுவான்."

"அதான பாத்தேன்," என்று சொல்லி, கூடையில் மீதமிருந்த பழங்களையும் எடுத்துக்கொண்டாள்.

படிவம் மார்ச் 20 அன்று பதிவுத் தபாலில் போயிற்று. கடைசி நாள் சனிக்கிழமை. அன்று மாலை ஜெபமணி எஸ்தரைக் கண்ணாடி முன்னால் உட்கார வைத்து எண்ணெய் தேய்த்து வாரினாள். அருமைநாயகம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். வலது பிரி நடுவில் வந்தது. பிறகு இடது பிரி நடுவில் வந்தது. அவ்வளவுதான். ரிப்பன் கட்டி முடித்ததும், ஜெபமணி ஊறுகாய் பாட்டிலின் மூடியைத் துணியால் சுற்றி அவர் பையில் நிற்கவைத்தாள்.

ஏப்ரல் 1 காலை அவர் தாதர் லாட்ஜில் கண் விழித்தார். கட்டிலுக்கடியில் மாதிரி மோட்டார் இருந்தது. பையில் பாட்டில் சாயாமல் நின்றது. பத்து வருடங்களாகத் தங்கியிருப்பவர்களுக்குத் தரும் தெருப்பக்க அறை அது. கீழே மேனேஜர் அவரைப் பார்த்து, "என்ன சார், இன்னிக்காவது ஊருக்குக் கிளம்பறீங்களா?" என்று தினமும் கேட்பவர்போலக் கேட்டார். அவர் திருச்செந்தூர்க்காரர்.

கோவைக்கு ரயில்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் அங்கே போய்ச் சேர வேண்டியிருந்த நாளில் வேறொருவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அருமைநாயகம் பல் துலக்கிவிட்டு, பக்கத்துக் கடையிலிருந்து தனக்கு மனப்பாடமான எண்ணுக்குப் போன் செய்தார்.

"ஹலோ, யாருங்க?" எஸ்தரின் குரல்.

"பம்பு கம்பெனியிலிருந்து. அப்பா இருக்காங்களா?"

"அப்பா குருத்தோலை வாங்கப் போயிருக்காங்க. சர்ச்சுக்கு லேட்டாயிடுச்சுன்னு அம்மா திட்டிட்டு இருக்காங்க. அம்மாகிட்டக் குடுக்கவா?"

போன் கை மாறியது.

"சொல்லுங்க," என்றாள் ஜெபமணி.

"நான் தாதர்லருந்து பேசறேன்."

"தாதர்ல எங்களுக்கு யாரும் இல்லையே. யாரு?"

அவர் போனை வைக்கவில்லை. அவளும் வைத்துவிடவில்லை. பின்னால் எஸ்தர் செருப்பைத் தேடும் சத்தம் கேட்டது.

"நீங்க யாருன்னு தெரியல," என்றாள். "ஆனா எண்ணெய் மேல நிக்குதான்னு மட்டும் பாத்துக்கங்க. ஈரக் கரண்டி போட்டுடாதீங்க."

அவர் அறைக்குப் போய்ப் பார்த்தார். எண்ணெய் மேலே நின்றது. பாட்டிலை ஜன்னல் ஓரத்தில் வைத்தார்; திறக்கவில்லை. பகலில் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினார். வருடத்துக்கொரு முறை, பிறந்தநாளன்று, யூனிலைனிலிருந்து வாழ்த்து அட்டை வந்தது.

நான்கு வருடங்கள் கழித்து, ஏப்ரல் மாதம், அட்டைக்குப் பதில் உறை வந்தது. யூனிலைன் இன்னொரு நிறுவனத்துடன் இணைகிறது. பழைய ஆவணங்களைச் சரிபார்த்ததில், 1996ஆம் வருடத்துப் படிவம் ஒன்றில் ஓர் உறுப்பினரின் எண்ணும் மற்றொருவரின் கையெழுத்தும் இருப்பது தெரியவந்துள்ளது. புதிய நிறுவனத்தில் ஓர் எண்ணுக்கு ஓர் உறுப்பினர் மட்டுமே. தாங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை.

அன்று மத்தியானம் அவர் முதல்முறையாக ஊறுகாயைத் திறந்தார். பூசணம் பிடிக்கவில்லை. வெல்லம் போட்ட பருப்போடு ஒரு துண்டு சாப்பிட்டார். பாட்டிலை மேனேஜரிடம் கொடுத்து, ஈரக் கரண்டி போட வேண்டாம் என்று சொன்னார்.

2011 மே 2, திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு, பீளமேட்டு வீட்டில் அருமைநாயகமும் வைகுந்தவாசனும் ஒருவராக இணைக்கப்பட்டார்கள். பயணம் அதிகம் வைத்திருந்தவர் பெயர் நிலைத்தது. விகிதம் இரண்டுக்கு ஒன்று.